நேரில் கண்ட செய்தி

நுழையும்முன்

செய்தித்தாளின் ஒரு பத்தியை நாம் படித்து முடிக்க ஓரிரு நிமிடங்கள் போதும். அந்தப் பத்தி உருவாவதற்கு முன் ஒருவர் ஓர் இடத்திற்குச் சென்றிருக்கிறார், பலரிடம் பேசியிருக்கிறார், சில நேரங்களில் தம் பாதுகாப்பையே பணயம் வைத்திருக்கிறார். அவர் எங்கிருந்து வந்தார், எது அவரை அவ்விடத்திற்குச் செலுத்தியது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்க நாட்டில், இருபது வயதில் இதழியலுக்குள் நுழைந்த ஒரு பெண்ணின் முதல் மூன்று ஆண்டுகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது. நெல்லி பிளை என்பது அவர் புனைபெயர்.

ஒரு கடிதம்

1885ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பென்சில்வேனியா மாநிலத்தின் தொழில் நகரமான பிட்ஸ்பர்க்கில் வெளிவந்த ‘பிட்ஸ்பர்க் டிஸ்பாட்ச்’ என்னும் நாளிதழில் பெண்களைப் பற்றிய பத்தி ஒன்று வெளியாயிற்று. அதனை எழுதியவர், அந்நாளில் வாசகரிடையே பெயர் பெற்றிருந்த பத்தியாளர் எராஸ்மஸ் வில்சன். பெண்ணுக்கு உரிய இடம் வீடே. சமைப்பதும் தைப்பதும் குழந்தைகளை வளர்ப்பதுமே அவளுக்கு ஏற்ற பணிகள். வெளியே சென்று பொருளீட்டும் பெண் இயற்கைக்கு மாறானவள் என்பது அப்பத்தியின் சாரம்.

இதனைப் படித்த இளம்பெண் ஒருவர் சினம் கொண்டார். ‘தனித்துவிடப்பட்ட அனாதைப் பெண்’ என்று பொருள்படும் புனைபெயரில் இதழுக்கு மறுப்புக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தில் நடைநயம் இல்லை. நிறுத்தக்குறிகளும் செம்மையாக அமையவில்லை. ஆனால், சொல்ல வந்ததை அது நேராகச் சொல்லிற்று. இதழின் ஆசிரியர் ஜார்ஜ் மேடன் அக்கடிதத்தில் வெளிப்பட்ட உணர்வின் உண்மையை உடனே கண்டுகொண்டார். எழுதியவர் யார், முகவரி எது என்பது தெரியாமையால், கடிதம் எழுதியவர் தம்மை வெளிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று தம் இதழிலேயே அறிவிப்பு வெளியிட்டார். அதனைக் கண்டு அலுவலகத்திற்கு நேரில் வந்தவர் எலிசபெத் காக்ரன் என்னும் இருபது வயதுப் பெண்.

வேறு எத்தனையோ பெண்கள் அப்பத்தியைப் படித்திருப்பர். எலிசபெத்தை எழுதத் தூண்டியது எது? அதற்கான விடை அவருடைய இளமை வாழ்வில் இருக்கிறது.

பட்டறிவே பள்ளி

எலிசபெத் 1864ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பென்சில்வேனியாவில் உள்ள காக்ரன்ஸ் மில்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஊரின் பெயரே அவர் தந்தையின் செல்வாக்கைச் சொல்லும். ஆலை உரிமையாளராகவும் நிலக்கிழாராகவும் விளங்கிய அவர், நீதிப் பணியிலும் பொறுப்பு வகித்தவர். ஆயினும், எலிசபெத்துக்கு ஆறு வயதானபோது தந்தை உயில் எழுதாமலேயே திடீரென இறந்தார். இரு மனைவியர்க்குப் பிறந்த பிள்ளைகள் பலராதலால் சொத்துகள் விற்கப்பட்டுப் பங்கிடப்பட்டன. பெரிய வீட்டில் வாழ்ந்த தாயும் பிள்ளைகளும் அதனைவிட்டு வெளியேற நேர்ந்தது.

சில ஆண்டுகளுக்குப் பின் தாய் மறுமணம் செய்துகொண்டார். வந்த கணவரோ குடித்துவிட்டு அடிப்பவர். மணவிலக்கு என்பது பெண்ணுக்கு இழுக்கு என்று கருதப்பட்ட அக்காலத்தில் தாய் நீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கில் பதினான்கு வயது எலிசபெத் சாட்சிக்கூண்டில் ஏறித் தாம் வீட்டில் கண்டவற்றை எடுத்துரைத்தார். கண்டதை அஞ்சாமல் பலர்முன் கூறுவதே செய்தியாளரின் கடமை எனில், அவருடைய முதல் செய்தி அந்த நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது எனலாம்.

தாயைத் தாங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, ஆசிரியப் பயிற்சி பெறுவதற்காக எலிசபெத் 1879ஆம் ஆண்டு கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். ஒரு பருவம் முடிந்ததும் பணம் தீர்ந்துவிட்டது, படிப்பும் நின்றது. குடும்பம் பிட்ஸ்பர்க்கை அடுத்த அலிகெனி நகருக்குக் குடிபெயர்ந்தது. தாய், வெளியாருக்கு அறைகளை வாடகைக்கு விட்டு உணவு சமைத்துக் கொடுத்துப் பிழைத்தார்; மகள் அவருக்குத் துணையாக இருந்தார். அவரைவிடக் கூடுதலாகப் படித்திராத சகோதரர்களுக்குக் கிடைத்த வேலைவாய்ப்புகள் அவருக்குக் கிடைக்கவில்லை.

பெண்ணுக்கு வீடே போதும் என்று பத்தியாளர் எழுதியபோது, அந்த வீடு எவ்வளவு எளிதில் நொறுங்கும் என்பதை எலிசபெத் அறிந்திருந்தார். தந்தை இறந்தபின், கணவன் கைவிட்டபின், பணம் தீர்ந்தபின் ஒரு பெண் எதைக் கொண்டு வாழ்வாள் என்ற வினா அவருக்குப் படிப்பால் தோன்றியதன்று, பட்டறிவால் தோன்றியது.

முதல் எழுத்துகள்

கடிதத்தையே கட்டுரையாக விரித்து எழுதுமாறு மேடன் கேட்டுக்கொண்டார். 1885 ஜனவரி 25ஆம் நாள் எலிசபெத்தின் முதல் கட்டுரை வெளியாயிற்று. செல்வமோ தனித்திறமையோ அழகோ வாய்க்காத ஏழைப் பெண்களின் நிலையை அது பேசிற்று. கடைநிலைப் பணியாளாகச் சேரும் ஒரு சிறுவன் உழைப்பால் படிப்படியாக உயர இடமுண்டு. அதே தொடக்கத்தை ஒரு சிறுமிக்கு ஏன் தரக்கூடாது என்று அக்கட்டுரை கேட்டது. அடுத்த கட்டுரை திருமண வாழ்வில் துன்புறும் பெண்களையும் மணவிலக்குச் சட்டத்தையும் பற்றியது. அதன் பின்னணியில் தாயின் வழக்கு இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெண்கள் சொந்தப் பெயரில் எழுதுவது அரிதாக இருந்த காலம் அது. எனவே, ஸ்டீபன் ஃபாஸ்டர் என்பவர் இயற்றிய புகழ்பெற்ற பாடல் ஒன்றில் வரும் பெயரை மேடன் அவருக்குச் சூட்டினார். இதழில் அச்சானபோது அப்பெயரின் எழுத்துகளில் பிழை நேர்ந்தது. பிழையோடு அச்சான அப்பெயரே நிலைத்தது. எலிசபெத் காக்ரன், நெல்லி பிளை ஆனார்.

செய்தியாளராக அமர்த்தப்பட்டதும் அவர் தேர்ந்தெடுத்த களம், பிட்ஸ்பர்க்கின் தொழிற்கூடங்களில் உழைத்த பெண்களின் வாழ்வு. அவர்கள் எத்தனை மணிநேரம் உழைக்கின்றனர், எவ்வளவு ஊதியம் பெறுகின்றனர், பணியிடம் எத்தகையது என்பனவற்றை நேரில் சென்று கேட்டுத் தொடராக எழுதினார். அதுவரை செய்தியாகக் கருதப்படாத மனிதர்கள் செய்தியாயினர்.

முதலாளிகள் இதனை விரும்பவில்லை. இதழுக்கு முறையீடுகள் வந்தன. அதன்பின் நெல்லி பிளை பெண்கள் பக்கத்திற்கு மாற்றப்பட்டார். உடை அலங்காரம், மலர்த்தோட்டம், செல்வர் வீட்டு விழாக்கள் ஆகியவற்றை எழுதுவதே இனி அவர் பணி என்றாயிற்று. செய்தியாளர் ஒருவரை அடக்குவதற்குச் சிறைச்சாலை தேவையில்லை. அவர் எதைப் பற்றி எழுதலாம் என்பதைச் சுருக்கிவிட்டால் போதும் என்பதை அவர் அப்போது உணர்ந்திருப்பார்.

அடங்கியிருக்க அவரால் இயலவில்லை. 1886ஆம் ஆண்டு தம் தாயைத் துணையாக அழைத்துக்கொண்டு மெக்சிகோ நாட்டிற்குச் சென்றார். அங்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் தங்கி, மக்களின் வாழ்க்கை, உணவு, பழக்கவழக்கங்கள் ஆகியவற்றைப் பிட்ஸ்பர்க் வாசகர்களுக்கு எழுதி அனுப்பினார். அரசைக் குறைகூறியதற்காக உள்ளூர்ச் செய்தியாளர் சிறைப்பட்டதைக் கண்டித்தும் எழுதினார். அதனால் அவரையும் கைது செய்யக்கூடும் என்ற நிலை ஏற்பட்டதும் நாடு திரும்பினார். திரும்பியபோது அவருக்காகக் காத்திருந்தவை மீண்டும் கலைநிகழ்ச்சிகளும் நாடகங்களும் பற்றிய பக்கங்களே. 1887ஆம் ஆண்டு அவர் ‘டிஸ்பாட்ச்’ இதழைவிட்டு விலகி நியூயார்க் நகருக்குப் புறப்பட்டார்.

விடை தெரியாத ஒரு வினா

நியூயார்க் அவரை வரவேற்கவில்லை. பெண் செய்தியாளரை அமர்த்திக்கொள்ள இதழ்கள் தயங்கின. மாதங்கள் கழிந்தன, கையிலிருந்த பணமும் கரைந்தது. அந்நிலையில் அவர், ஜோசப் புலிட்சர் நடத்திய ‘நியூயார்க் வேர்ல்டு’ அலுவலகத்திற்குள் எவ்வாறோ நுழைந்து பொறுப்பாசிரியரைச் சந்தித்தார். அவருக்கு ஒரு பணி தரப்பட்டது. நகரை ஒட்டி ஓடும் ஆற்றின் நடுவே பிளாக்வெல் என்னும் தீவில் பெண்களுக்கான மனநலக் காப்பகம் ஒன்று இருந்தது. அங்குள்ளோர் கொடுமையாக நடத்தப்படுகின்றனர் என்ற பேச்சு நெடுநாளாக உலவி வந்தது. அதன் உண்மையை அறிய, மனநோயாளி போல் நடித்து உள்ளே செல்ல வேண்டும்.

உள்ளே சென்றபின் என்னை எவ்வாறு வெளியே கொண்டுவருவீர்கள் என்று நெல்லி பிளை கேட்டார். எப்படி என்பது பொறுப்பாசிரியருக்கே அப்போது தெரியவில்லை. ஆனால், கொண்டுவருவோம் என்ற உறுதியை மட்டும் தந்தார். இருபத்து மூன்று வயதுப் பெண் அவ்வுறுதியை நம்பி இசைந்தார்.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் பழமொழி. முதற்கட்டுரைகளில் நெல்லி பிளை தாம் பட்ட துன்பத்தை எழுதினார். தொழிற்கூடப் பெண்களைப் பற்றிய தொடரில் தாம் பார்த்த துன்பத்தை எழுதினார். இப்போதோ, தமக்கு வராத வலியைத் தேடிச் சென்று ஏற்றுக்கொள்ளத் துணிந்தார். ஒரு செய்தியாளரின் வளர்ச்சியை இம்மூன்று படிகளிலும் காணலாம்.

பத்து நாள்கள்

பெண்களுக்கான எளிய விடுதி ஒன்றில் நெல்லி பிரவுன் என்ற பெயரில் அவர் தங்கினார். இரவு முழுவதும் உறங்காமல் விழித்திருந்தார். எல்லாரையும் கண்டு அஞ்சுவது போல் நடித்தார். விடுதியினர் காவலரை அழைத்தனர். காவலர் அவரை நீதிபதியின் முன் நிறுத்தினர். நீதிபதி மருத்துவமனைக்கு அனுப்பினார். மருத்துவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சோதித்து, அவர் மனநலம் குன்றியவரே என்று முடிவு செய்தனர். இதற்கிடையில், யார் இந்த மர்மப் பெண் என்று பிற இதழ்கள் எழுதத் தொடங்கின. செய்தி சேகரிக்கப் புறப்பட்டவரே செய்தியானார்.

தீவில் கால்வைத்த நொடி முதல் அவர் நடிப்பதை நிறுத்திவிட்டார். இயல்பாகப் பேசினார், இயல்பாக நடந்துகொண்டார். ஆனால், அவர் எவ்வளவு தெளிவாகப் பேசினாரோ அவ்வளவுக்கு நோய் முற்றியவராகக் கருதப்பட்டார். ஒருமுறை பைத்தியம் என்று முத்திரை குத்தப்பட்டவரின் சொல்லை எவரும் செவிமடுப்பதில்லை என்பதே அவர் அங்குக் கண்ட முதல் உண்மை.

அங்கு அவர் கண்டவை பல. கெட்டுப்போன வெண்ணெயும் உண்ணத் தகாத ரொட்டியும் உணவாகத் தரப்பட்டன. நடுங்கும் குளிரில் பனிபோன்ற நீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றினர். பலரும் ஒரே நீரில் குளிக்க நேர்ந்தது. காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை நேர்நிமிர்ந்த பலகைகளில் அசையாமலும் பேசாமலும் அமர்ந்திருக்க வேண்டும். படிக்கவும் எதுவும் இல்லை. நல்ல மனநலம் உடையவரையும் இந்த முறை சில மாதங்களில் நோயாளி ஆக்கிவிடும் என்று அவர் பின்னர் எழுதினார். முறையிட்டவர்கள் செவிலியரிடம் அடிவாங்கினர். இரவில் ஒவ்வோர் அறையும் தனித்தனியே பூட்டப்பட்டது. தீப்பற்றினால் இத்தனை கதவுகளையும் யார், எப்போது திறப்பார் என்று அவர் கேட்டார். பிறர் கண்ணில் படாத இத்தகைய சிறு செய்திகளே ஒரு செய்தியாளரின் கூர்மையைக் காட்டுவன.

அவர் உள்ளத்தை மிகவும் வருத்தியது வேறொன்று. அங்கு அடைக்கப்பட்டிருந்தோருள் சிலர் நோயாளிகளே அல்லர். ஒருவர் பிற நாட்டிலிருந்து வந்தவர். ஜெர்மன் மொழி மட்டுமே அறிந்தவர். அவர் கூறியதை மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரைக்கூட அழைக்காமல் அவரை அங்கு அனுப்பிவிட்டனர். தம் மொழி பிறருக்குப் புரியவில்லை என்பதே ஒருவருடைய நோய்க்குச் சான்றாகிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்குக்கூடத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பு உண்டு. ஏழையும் அயலாருமான அப்பெண்ணுக்கு அதுவும் கிட்டவில்லை.

பத்து நாள்களுக்குப் பின் இதழின் சார்பில் வந்த வழக்கறிஞர் அவரை விடுவித்தார். தமக்கு விடுதலை கிடைத்த மகிழ்ச்சியைவிட, தம்மைப்போலவே தெளிந்த மனமுடையோரை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோமே என்ற துயரமே அவரை அழுத்திற்று. அவருக்காக ஓர் இதழ் காத்திருந்தது, அவர்களுக்காக யாருமில்லை.

எழுத்தின் பயன்

1887 அக்டோபரில் அவருடைய கட்டுரைகள் ‘வேர்ல்டு’ இதழில் வெளிவந்தன. அதே ஆண்டில் நூலாகவும் வந்தன. நகரம் அதிர்ந்தது. குடிமக்கள் அடங்கிய நடுவர் குழு விசாரணையைத் தொடங்கி, நெல்லி பிளையையும் உடன் அழைத்துக்கொண்டு தீவிற்குச் சென்றது. ஆனால், குழு வருவதற்குள் காப்பகம் தூய்மையாக்கப்பட்டிருந்தது. நல்ல உணவு வைக்கப்பட்டிருந்தது. அவர் குறிப்பிட்டிருந்த பெண்களுள் சிலரைக் காணவே இல்லை. எனினும், எஞ்சியிருந்த பெண் ஒருவரின் சாட்சியம் அவர் எழுதியதை உறுதிப்படுத்திற்று. நடுவர் குழு அவரை நம்பியது. அவர் சுட்டிய மாற்றங்கள் பலவற்றைப் பரிந்துரைத்தது. காப்பகங்கள், மருத்துவமனைகள் முதலியவற்றை நடத்திய துறைக்கு நகர நிருவாகம் பெருந்தொகையைக் கூடுதலாக ஒதுக்கியது.

ஒதுக்கீட்டை உயர்த்தும் பேச்சு அதற்கு முன்பே எழுந்திருந்தது; ஆகவே, முழுப் பயனும் ஒரு கட்டுரைத் தொடரால் மட்டும் விளைந்ததன்று. ஆயினும், கேட்பாரற்றுக் கிடந்த பெண்களின் நிலையை நகரத்தின் வினாவாக மாற்றியது அந்த எழுத்து.

எண்ணிப் பார்க்க வேண்டியவை

நெல்லி பிளையின் வழிமுறை வினாவுக்கு அப்பாற்பட்டதன்று. அவர் மருத்துவரிடமும் நீதிபதியிடமும் உண்மையை மறைத்தார். அக்கால இதழ்கள் விற்பனைப் போட்டியில் பரபரப்பை விரும்பின என்பதையும் மறத்தற்கில்லை. அவரைப் பின்பற்றி வெறும் துணிகரத்திற்காகவே வேடமிட்டுச் செய்தி எழுதியோரும் உண்டு. வேறு எவ்வழியாலும் அறிய இயலாத, பொதுநலனுக்கு இன்றியமையாத உண்மைக்காக மட்டுமே செய்தியாளர் தம்மை மறைத்துக்கொள்ளலாம் என்பது இன்றைய இதழியல் அறம். அந்த அளவுகோலால் பார்க்கும்போது, நெல்லி பிளையின் செயலில் நியாயம் உண்டு. ஏனெனில், தீவின் கதவுகள் பார்வையாளருக்கு ஒரு முகத்தையும் நோயாளிக்கு வேறொரு முகத்தையும் காட்டின என்பதை நடுவர் குழு சென்ற நாளே மெய்ப்பித்தது. மேலும், தாம் நடித்ததை அவர் வாசகரிடமிருந்து மறைக்கவில்லை. எந்த இடத்தில் நடித்தார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதை முதலிலிருந்து இறுதிவரை எழுதினார்.

இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு செய்தியைப் பரப்ப முடியும். பரப்புதல் எளிது, சென்று காணுதல் அரிது. கேள்விப்பட்டதை எழுதியிருந்தால் நெல்லி பிளை அன்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம். பத்து நாள்களை அத்தீவில் கழித்திருக்க வேண்டியதில்லை. பெரிய பட்டமோ செல்வாக்கோ இல்லாத அவரிடம் இருந்தவை இரண்டு: தாம் பட்டதை மறவாத நெஞ்சம், பிறர் படுவதை நேரில் காணத் துணியும் கால்கள். நெஞ்சம் வினாவை எழுப்பிற்று; கால்கள் விடையைத் தேடிச் சென்றன. ‘கண்டேன்’ என்று சொல்லும் உரிமையை அவர் அவ்வாறே பெற்றார்.

தெரியுமா?

ஜூல்ஸ் வெர்ன் எழுதிய புதினத்தின் நாயகன் எண்பது நாள்களில் உலகைச் சுற்றி வருவான். அதனைவிடக் குறைந்த நாள்களில் சுற்றிவர முனைந்த நெல்லி பிளை, 1889 நவம்பர் 14 அன்று புறப்பட்டு, 1890 ஜனவரி 25 அன்று திரும்பினார். அவர் எடுத்துக்கொண்ட காலம் 72 நாள்கள். வழியில் பிரான்சு நாட்டில் ஜூல்ஸ் வெர்னையும் சந்தித்தார். இலங்கையின் கொழும்புத் துறைமுகத்தில் அடுத்த கப்பல் புறப்படுவதற்காக ஐந்து நாள்கள் காத்திருந்தார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் பலரும் பேசும், ஆனால் எவரும் நேரில் சென்று அறியாத குறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உரியவர்களைச் சந்தித்து ஒரு பக்க அளவில் செய்திக்கட்டுரை எழுதுக.

2. ‘உண்மையை அறிய உண்மையை மறைக்கலாமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நடத்துக.

3. செய்தித்தாள் ஒன்றின் ஒரு நாள் பக்கங்களைப் படித்து, செய்தியாளர் நேரில் கண்டு எழுதியவை, பிறர் சொல்லக் கேட்டு எழுதியவை எனச் செய்திகளை வகைப்படுத்துக.